ரிவால்வரா, பிஸ்டலா: முதல் கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் முறை

தற்காப்புக்காக முதன்முறையாகக் கைத்துப்பாக்கி வாங்க நினைத்துப் பயிற்சிக்கு வருபவர்கள் பெரும்பாலும் எது வலிமையானது, எதில் அதிகத் தோட்டாக்கள் பிடிக்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். புதியவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்து வரும் நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது வேறு. கையில் இருக்கும் துப்பாக்கியில் இப்போது தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதை, தூக்கக் கலக்கத்திலும் பதற்றத்திலும் உங்களால் தவறில்லாமல் கண்டுபிடிக்க முடியுமா? ரிவால்வரும் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலும் தம் வேலையைச் செவ்வனே செய்யும் கருவிகள்தாம். ஆனால் ஒவ்வொன்றும் கையிடம் கேட்கும் பலம் வேறு, பொறுத்துக்கொள்ளும் பிழை வேறு, பொறுக்காத பிழை வேறு. ஆகவே உங்கள் கைக்கும் நீங்கள் உண்மையில் ஒதுக்கக்கூடிய பயிற்சி நேரத்துக்கும் எது பொருந்துகிறது என்பதைக் கொண்டே தேர்வு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை இரண்டு உண்டு. முதலாவது சட்டம். பல நாடுகளில் தற்காப்பு என்பது உரிமம் பெறுவதற்கான காரணமாகவே ஏற்கப்படுவதில்லை; அனுமதிக்கும் நாடுகளிலும் எந்த அளவுத் தோட்டா, எத்தனை தோட்டா கொள்ளும் மேகசின், எப்படிப் பூட்டி வைப்பது, எந்த நிலையில் சுடுவது நியாயமாகக் கருதப்படும் என்பவற்றுக்குத் தனித்தனி விதிகள் இருக்கின்றன. இவற்றை எழுத்து வடிவில் படித்துத் தெரிந்துகொள்ளாமல் ஒரு கருவியையும் விலை பேசக் கூடாது. இரண்டாவது வீடு. சின்னக் குழந்தைகள் இருக்கிறார்களா, வாழ்க்கையே வெறுத்துப்போன மனநிலையில் யாரேனும் இருக்கிறார்களா, குடித்துவிட்டுச் சண்டை போடும் வழக்கம் யாருக்கேனும் உண்டா என்று மனச்சாட்சியோடு பார்க்க வேண்டும். அப்படி ஒருவர் இருக்கும் வீட்டில் துப்பாக்கி நுழைந்தால் வெளியிலிருந்து வரக்கூடிய ஆபத்தைவிட உள்ளே உருவாகும் ஆபத்தே பெரிது; அந்த வீட்டுக்கு ரிவால்வரும் வேண்டாம், பிஸ்டலும் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

இரண்டும் இயங்கும் விதம்

சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ரிவால்வரின் அடிப்படை இன்றும் மாறவில்லை. ஐந்து அல்லது ஆறு துளைகள் கொண்ட ஓர் உருளை இருக்கும். ஒவ்வொரு துளையிலும் ஒரு தோட்டா. விசையை, அதாவது டிரிக்கரை, இழுக்கும்போது உருளை சுழன்று அடுத்த தோட்டா குழலுக்கு நேராக வந்து நிற்க, பின்னாலுள்ள சுத்தி மேலெழுந்து விழுந்து அதை வெடிக்கச் செய்கிறது. இப்படி ஒரே இழுப்பில் உருளையைச் சுழற்றிச் சுத்தியையும் எழுப்பும் அமைப்பை டபுள் ஆக்‌ஷன் என்பார்கள். சுத்தியைக் கட்டைவிரலால் முன்கூட்டியே பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு, பிறகு விசையை லேசாகத் தொட்டுச் சுடுவது சிங்கிள் ஆக்‌ஷன். ரிவால்வரில் நடப்பதெல்லாம் உங்கள் விரலின் உழைப்பால் நடக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல செய்திகள் இதிலிருந்தே கிளைக்கின்றன.

பிஸ்டலில் உங்கள் விரல் செய்வது கொஞ்சம்தான். மீதியை வெடிப்பின் உந்துதலே செய்து முடிக்கிறது. பிடிக்குள் செருகிய மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் நிற்கும். மேலேயுள்ள நகரும் பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து விட்டால் அது முன்னே பாய்ந்து வரும்போது மேல் தோட்டாவைத் தள்ளிக் குழலின் பின்முனையிலுள்ள அறையில் ஏற்றிவிடும். சுட்டவுடன் ஸ்லைடு தானாகப் பின்வாங்கி, வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றி மூடிக்கொள்கிறது. ஆனாலும் விசையின் ஓர் இழுப்புக்கு ஒரு தோட்டாதான் வெளியேறும். விரலை அழுத்தி வைத்திருந்தால் தொடர்ந்து சுடும் இயந்திரத் துப்பாக்கியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த கோல்ட் 1911 இந்த வகையின் மூத்த தலைமுறை. 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட க்ளாக் 17, வெளியே தெரியும் சுத்தியே இல்லாமல் உள்ளே இருக்கும் ஸ்டிரைக்கர் என்ற ஸ்பிரிங் ஊசியால் சுடும் இன்றைய தலைமுறைக்கு வழி திறந்தது.

தோட்டாவை இறக்குவதில்தான் பெரிய வேறுபாடு

தோட்டாக்களை ஏற்றுவதை எல்லாரும் ஆர்வமாகக் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் இறக்கத் தெரியாததாலும் உயிர் போகிறது. ரிவால்வரில் பக்கவாட்டிலுள்ள தாழை அழுத்தி உருளையை வெளியே சாய்த்தால் எல்லாத் துளைகளும் கண்முன் நிற்கும். குழலை மேல்நோக்கிப் பிடித்து, முன்னாலுள்ள தள்ளுகோலை உள்ளங்கையால் ஓங்கி ஒருமுறை தட்டினால் தோட்டாக்களும் வெற்றுக் கூடுகளும் தரையில் விழும். பிறகு ஒவ்வொரு துளையையும் விரல் நுனியால் தொட்டுப் பார்க்கலாம். உருளை வெளியே சாய்ந்திருக்கும் வரை அந்தத் துப்பாக்கியால் சுடவே முடியாது, அது எதிரில் நிற்பவருக்கும் தெரியும்.

பிஸ்டலில் இந்த வெளிப்படைத்தன்மை கிடையாது. மேகசினை உருவி எடுத்தபின்னும் அறைக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கும். நான் பயிற்சி தரும் மேசையில், சொந்தமாகப் பிஸ்டல் வைத்துப் பழகிய ஒருவர் மேகசினை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, காலியாகிவிட்டது என்று நம்பிக்கையோடு சொன்னார். ஸ்லைடை இழுங்கள் என்றேன். இழுத்தார். பித்தளை நிறத்தில் ஒரு தோட்டா துள்ளி வெளியே வந்து, மேசைமேல் அரைவட்டமாக உருண்டு, அவருடைய மேகசினிலேயே போய் இடித்து நின்றது. அவர் முகத்திலிருந்த நிறம் போய்விட்டது. மேகசினை எடுத்துவிட்டால் சுடாதபடி தடுக்கும் அமைப்பு சில பிஸ்டல்களில் உண்டு, பலவற்றில் இல்லை. க்ளாக் போன்ற சில வகைகளைச் சுத்தம் செய்யப் பிரிக்கும்போது விசையை ஒருமுறை இழுத்தே ஆக வேண்டும் என்பதால், அறையைப் பார்க்க மறந்த கைக்கு அங்கே மன்னிப்பு இல்லை.

வரிசை தவறாமல் செய்தால் இந்த ஆபத்து நீங்கும். குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்து, விரலை விசைக்கு வெளியே வைத்து, முதலில் மேகசினை வெளியே எடுக்க வேண்டும். அதன்பிறகு ஸ்லைடை இரண்டு மூன்று முறை முழுவதும் இழுத்து, பின்னாலேயே பூட்டி நிறுத்தி, அறையைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஸ்லைடை முதலில் இழுத்துவிட்டு மேகசினைப் பிறகு எடுத்தால், வெளியேறிய தோட்டாவின் இடத்தில் அடுத்தது ஏறி உட்கார்ந்துகொள்ளும். இந்த வரிசையைப் பாதித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழக உங்களுக்குப் பொறுமை இல்லையென்றால், ரிவால்வர் பக்கம் திரும்புவதில் எந்தக் குறையும் இல்லை.

விசையின் எடை

டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரின் விசையை இழுக்க ஏறத்தாழ 4.5 முதல் 5.5 கிலோ வரையிலான அழுத்தம் தேவைப்படுகிறது, இழுக்க வேண்டிய தூரமும் நீளம். ஸ்டிரைக்கர் வகைப் பிஸ்டலில் இது பொதுவாக 2.5 கிலோவை ஒட்டியே இருக்கும், தூரமும் குறைவு. ஒரு கிலோ எடைகூட இல்லாத ஒரு பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஐந்து கிலோ இழுப்பைச் செலுத்தும்போது குறி விலகாமல் இருக்க எவ்வளவு பழக்கம் வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தாலே, ரிவால்வரைச் சுடுவது எளிது என்று சொல்பவர்கள் பாதிதான் சொல்கிறார்கள் என்பது விளங்கும். ரிவால்வரைப் புரிந்துகொள்வது எளிது. ஆனால் நன்றாகச் சுடுவது கடினம். பிஸ்டலில் இது தலைகீழ். இந்த ஒரு வேறுபாட்டை விற்பவர்கள் பலர் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

அதே கனம் வேறொரு விதத்தில் பாதுகாப்பாகவும் அமைகிறது. பயத்தில் கை இறுகும்போது ஒரு விரல் மட்டும் தனியாக விலகி நிற்காது, எல்லா விரல்களும் சேர்ந்தே இறுகும். விரல் தவறுதலாக விசைமேல் இருந்துவிட்டால் லேசான விசை கொண்ட பிஸ்டல் வெடித்துவிடும். கனமான விசை கொண்ட ரிவால்வர் ஒரு கணம் அவகாசம் கொடுக்கக்கூடும். நியூயார்க் காவல்துறை 1990களில் ரிவால்வரிலிருந்து 9 மி.மீ. பிஸ்டலுக்கு மாறியபோது, காவலர்களுக்கான பிஸ்டல்களின் விசையை வேண்டுமென்றே கனமாக்கித் தந்ததும் இந்தக் கவலையால்தான். இதற்காகக் கனத்தை மட்டும் நம்பி விரல் ஒழுக்கத்தைத் தளர்த்தலாகாது. ரிவால்வரின் சுத்தியைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அப்போது விசை மிக லேசாகிவிடுகிறது, சுடாமல் சுத்தியை மெல்ல இறக்குவதற்குள் கட்டைவிரல் வழுக்கினால் தோட்டா பாய்ந்துவிடும். தற்காப்புக்கான ரிவால்வரை எப்போதும் டபுள் ஆக்‌ஷனில் மட்டுமே சுடப் பழக வேண்டும். சுத்தி வெளியே தெரியாதபடி மூடிய வகைகள் இதற்காகவே கிடைக்கின்றன.

கைப்பலமும் மணிக்கட்டும்

பிஸ்டலின் ஸ்லைடை இழுக்க முடியாமல் தவிப்பவர்களை, குறிப்பாக மூட்டுவலி உள்ள முதியவர்களை, ரிவால்வர் வாங்கும்படி அனுப்புவது வெகுநாள் வழக்கம். அது எப்போதும் நல்ல யோசனையில்லை. ஸ்லைடை இழுப்பது இரண்டு கைகளும் சேர்ந்து செய்யும் வேலை. ரிவால்வரின் விசையோ ஒற்றை ஆள்காட்டி விரலின் வேலை, அதுவும் ஒவ்வொரு முறை சுடும்போதும். மூட்டுகள் வீங்கிய விரலுக்கு ஐந்து கிலோ விசையை ஐந்து முறை இழுப்பது பெரும் வேதனை. முதலில் ஸ்லைடை இழுக்கும் முறையைத் திருத்திப் பாருங்கள். இரண்டு விரலால் கிள்ளி இழுக்காமல், துப்பாக்கியை மார்புக்கு அருகே கொண்டுவந்து, இடது கையின் நான்கு விரல்களும் உள்ளங்கையும் ஸ்லைடை மேலிருந்து முழுதாகப் பற்றியிருக்க, பிடித்திருக்கும் வலது கையை முன்னோக்கித் தள்ளுங்கள். தள்ளும் கையின் பலம் பெரிது என்பதால், முடியாது என்று சொன்னவர்களில் பலருக்கு இதிலேயே முடிந்துவிடுகிறது. குழல் பக்கவாட்டில் நிற்பவர்மேல் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்வது மட்டும் முக்கியம். இதுவும் முடியாதவர்களுக்காக, மென்மையான ஸ்பிரிங் கொண்ட .380 அளவுப் பிஸ்டல்களும் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈஸி என்ற பெயரில் வெளியிட்டது இந்த வகை.

மணிக்கட்டு தளர்ந்த கைக்குப் பிஸ்டல் ஒத்துழைக்காது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்லைடு முழுதாகப் பின்வாங்க, அதன் அடிச்சட்டம் அசையாமல் நிற்க வேண்டும். பிடி தளர்ந்து துப்பாக்கி முழுவதும் கையோடு பின்னுக்கு வந்துவிட்டால், ஸ்லைடு பாதி வழியில் நின்று கூடு வாயில் சிக்கிக்கொள்ளும். ரிவால்வருக்கு இந்தத் தொல்லை கிடையாது. மாறாக, பிடியில் அது கேட்கும் எச்சரிக்கை வேறு. உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளி வழியாகச் சூடான வாயு பக்கவாட்டில் பீறிடுவதால், அங்கே கட்டைவிரலை நீட்டி வைத்தால் தோல் கிழிந்து வெந்துபோகும். பிஸ்டலைப் பிடிக்கும்போது இரண்டு கட்டைவிரல்களையும் முன்னோக்கி நீட்டலாம்; ஆனால் ஸ்லைடுக்குப் பின்னே குறுக்காக வைத்தால் பின்வாங்கும் ஸ்லைடு பெருவிரலின் அடியை அறுத்துவிடும். ஒன்றில் பழகிய பிடியை அப்படியே மற்றதற்குக் கொண்டுபோகிறவர்கள் காயப்படுவது இதனால்தான்.

சின்னது எளிது என்ற மயக்கம்

கைப்பைக்குள் அடங்கும் ஐந்து தோட்டா ரிவால்வரைக் காட்டி, இதுதான் புதியவர்களுக்கு ஏற்றது என்று சொல்வார்கள். நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அலுமினியக் கலவையால் ஆன இத்தகைய ரிவால்வரின் எடை 400 கிராமை ஒட்டியே இருக்கிறது; .357 மேக்னம் தோட்டாவுக்கென்று செய்யப்பட்ட சில வகைகள் 350 கிராமுக்கும் குறைவு. துப்பாக்கியின் எடை குறையக் குறையப் பின்னுதைப்பு முழுவதையும் உள்ளங்கையே தாங்க வேண்டியிருக்கிறது. குழல் குட்டை, குறி பார்க்கும் முனை சிறிது, பிடியில் சுண்டுவிரலுக்கு இடமில்லை, விசையோ கனம். இத்தனையும் சேர்ந்த கருவி நீண்ட நாள் சுட்டுப் பழகியவர்களுக்கு உரியது. புதியவர் அதைப் பத்து முறை சுட்டதும் வலியில் கீழே வைத்துவிடுவார், அதன்பிறகு பயிற்சிக்கு எடுக்கவே மாட்டார். அளவில் மிகச் சின்ன .380 பிஸ்டல்களுக்கும் இதே குறை உண்டு.

வீட்டில் வைத்துக்கொள்வதற்காக மட்டும் என்றால் எடை ஒரு நன்மை. எஃகால் ஆன, 10 செ.மீ. குழல் கொண்ட, ஒரு கிலோவை ஒட்டிய ஆறு தோட்டா ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவைச் சுட்டால் பின்னுதைப்பு ஒரு தட்டு அளவே தெரியும். .357 மேக்னத்துக்கென்று செய்த ரிவால்வரில் .38 ஸ்பெஷலையும் போட்டுச் சுடலாம் என்பது இதிலுள்ள ஒரு வசதி. எதிர்மாறாகச் செய்யக் கூடாது. பிஸ்டலிலும் நடுத்தர அளவை, அதாவது க்ளாக் 19 போல 600 கிராம் எடையும் 15 தோட்டாக் கொள்ளளவும் உடைய 9 மி.மீ. வகையை, எடுத்துக்கொண்டால் கைக்குள் எல்லா விரலும் அடங்கும், உதைப்பும் தாங்கும்படி இருக்கும்.

நம்பகத்தன்மை பற்றி

ரிவால்வர் பழுதாகவே ஆகாது என்ற பேச்சு மிகைதான். அதன் உண்மையான நன்மை, ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் விசையை மறுபடி இழுத்தாலே அடுத்த தோட்டா வந்துவிடும் என்பது. பிஸ்டலில் அப்படி நேர்ந்தால் மேகசினின் அடியை உள்ளங்கையால் தட்டி, ஸ்லைடை இழுத்து, பழுதான தோட்டாவை வெளியேற்ற வேண்டும். இரண்டு தோட்டாக்கள் ஒன்றையொன்று நெருக்கிச் சிக்கிக்கொண்டால் மேகசினையே உருவி எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். இவற்றைப் பழகியவருக்குச் சில நொடி வேலை. பழகாதவர் கையிலோ பிஸ்டல் அந்தக் கணத்தோடு பயனற்றுப்போகும். ஆனால் ரிவால்வர் பழுதானால் பெரும்பாலும் அங்கேயே சரிசெய்ய முடியாது. கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டின் அடியில் எரியாத வெடிமருந்துத் துணுக்கு சிக்கினால் உருளை மூடாது, மூடினாலும் சுழலாது. மிக லேசான ரிவால்வரில் உதைப்பின் அதிர்ச்சியால் அடுத்த தோட்டாவின் முனை கூட்டிலிருந்து முன்னுக்கு நழுவி உருளையைத் தடுத்து நிறுத்துவதும் உண்டு. இரண்டு வகையிலும் விசையை இழுத்து ஒன்றும் வெடிக்காவிட்டால், பயிற்சியின்போது குழலை முப்பது நொடியாவது பாதுகாப்பான திசையில் பிடித்துக் காத்திருந்துவிட்டே திறக்க வேண்டும். சில தோட்டாக்கள் தாமதித்து வெடிக்கும்.

மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருந்தால் பிஸ்டலின் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்ற அச்சத்துக்கு இன்றைய தரமான மேகசின்களில் அடிப்படை மிகக் குறைவு. ஸ்பிரிங்கைத் தேய்ப்பது அழுந்தி நிற்பதைவிட அழுந்தியும் விரிந்தும் வேலை செய்வதே. ஆனால் மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருந்த மனிதரின் கை தளர்ந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் பயிற்சிக்கு வர மாட்டேன் என்று தம்மைத் தாமே அறிந்தவர்களுக்கு நான் நடுத்தர அளவு எஃகு ரிவால்வரையே பரிந்துரைக்கிறேன். மாதம் ஒருமுறையாவது வந்து, சிக்கலை விடுவிக்கும் பழக்கத்தைக் கையில் ஏற்றிக்கொள்பவர்களுக்கு 9 மி.மீ. பிஸ்டல்.

எத்தனை தோட்டா

1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. அதிகாரிகளுக்கும் ரைஃபிளும் ஷாட்கன்னும் ஏந்திய வங்கிக் கொள்ளையர் இருவருக்கும் நடந்த மோதலில் இரண்டு அதிகாரிகள் உயிரிழந்தார்கள். கையில் குண்டுபட்ட ஓர் அதிகாரி, ரத்தமும் சதையும் படிந்த உருளைக்குள் புதிய தோட்டாக்களைப் போட முடியாமல் தவித்தார். அமெரிக்கக் காவல் துறைகள் ரிவால்வரைக் கைவிட்டுப் பிஸ்டலுக்கு மாறுவதை விரைவுபடுத்திய நிகழ்ச்சி இது. காயம்பட்ட கையால் ஆறு தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் துளையில் நுழைப்பதற்கும் ஒரு மேகசினை உருவி இன்னொன்றைச் செருகுவதற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை அது காட்டியது. எல்லாத் தோட்டாக்களையும் ஒரே தள்ளில் நுழைக்கும் ஸ்பீடுலோடர் ரிவால்வருக்கும் உண்டு. ஆனாலும் அந்த வேகம் நீண்ட பயிற்சியின் பலன்.

காவலர்களின் வேலை ஆளைத் துரத்திப் பிடிப்பது. உங்கள் வேலை விலகிப் பிழைப்பது. ஆகவே அவர்களுடைய தேவையை அப்படியே உங்கள்மேல் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. அதேசமயம், பதற்றத்தில் சுடும் தோட்டாக்களில் பல குறி தவறும் என்பதையும், தாக்க வருபவர் ஒருவராகத்தான் இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. கொள்ளளவு ஒரு நன்மை. குறி தவறிய ஒவ்வொரு தோட்டாவும் எங்கேயோ போய் நிற்கும் என்பது அதன் மறுபக்கம்.

நெருங்கிய கைகலப்பில் ஒரு சிறு வேறுபாடு உண்டு. பிஸ்டலின் முனை உடம்போடு அழுந்தினால் ஸ்லைடு சற்றே பின்தள்ளப்பட்டு, சுடாமலே போகலாம். துணியில் சிக்கினாலும் அதே கதை. சுத்தி மூடிய ரிவால்வருக்கு இந்தத் தடை இல்லை.

தோட்டாவின் அளவு

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. ரிவால்வர் என்றால் .38 ஸ்பெஷல், பிஸ்டல் என்றால் 9 மி.மீ. இந்த இரண்டும் 1898ஐயும் 1902ஐயும் ஒட்டிப் பிறந்தவை, இன்றளவும் பரவலாகக் கிடைப்பவை, தாங்கக்கூடிய உதைப்பு உடையவை. தற்காப்புக்கு, முனையில் குழி உள்ள ஹாலோ பாயின்ட் வகையைச் சட்டம் அனுமதித்தால் பயன்படுத்துவது நல்லது. அது உடலில் பட்டதும் விரிந்து வேகமிழப்பதால், ஊடுருவி வெளியேறிப் பின்னால் இருப்பவரைத் தாக்கும் வாய்ப்பு குறைகிறது. குறைகிறதே தவிர நீங்குவதில்லை. குறி தவறிய எந்தக் கைத்துப்பாக்கித் தோட்டாவும் உள்சுவர்களை எளிதாகத் துளைத்துச் செல்லும் என்பதால், அடுத்த அறையில் யார் படுத்திருக்கிறார்கள் என்பதை வைத்தே வீட்டுக்குள் நிற்கும் இடத்தையும் சுடும் திசையையும் முன்கூட்டி யோசித்து வைக்க வேண்டும். பயிற்சிக்கு விலை குறைந்த சாதாரணத் தோட்டாக்கள் போதும். ஆனால் வீட்டில் வைக்கப்போகும் வகையையும் உங்கள் பிஸ்டலில் ஒரு பெட்டியாவது சுட்டு, சிக்காமல் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரிவால்வருக்கு இந்தச் சோதனை அவ்வளவு அவசியமில்லை.

பழைய கருவி கைக்கு வந்தால்

தாத்தா வைத்திருந்தது என்று பழைய ரிவால்வரைக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. பழங்கால சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களில் சுத்தி, தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் பிரைமர்மேலேயே அமர்ந்திருக்கும். கீழே விழுந்தால் வெடித்துவிடும் என்பதால்தான் ஆறு துளையில் ஐந்தை மட்டும் நிரப்பி, சுத்தியின் அடியில் வெற்றுத் துளையை வைக்கும் வழக்கம் வந்தது. ரூகர் நிறுவனம் 1973இல் தன் சிங்கிள் ஆக்‌ஷன் வகைகளில் புகுத்திய டிரான்ஸ்ஃபர் பார், விசையை முழுதாக இழுத்தால் மட்டுமே சுத்தியின் அடி ஊசியைச் சேரும்படி செய்கிறது. தற்காலத் தரமான ரிவால்வர்களிலும் பிஸ்டல்களிலும் இது போன்ற ஏதாவது ஒரு தடுப்பு இருக்கிறது. பழைய கருவியைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் தோட்டா போடாதீர்கள்.

வைக்கும் இடம்

தலையணை அடியும், பீரோவில் துணிகளுக்கு நடுவும், அலமாரியின் மேல்தட்டும் துப்பாக்கி வைக்கும் இடங்கள் அல்ல. குழந்தைகளுக்குத் தெரியாத மறைவிடம் எந்த வீட்டிலும் இல்லை. ரிவால்வரின் விசை கனமானது, குழந்தையால் இழுக்க முடியாது என்று நம்பியும் விடக் கூடாது. ஒரு விரலால் முடியாததைக் குழந்தை துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்தும், அப்போது குழலின் முனை அதன் முகத்தை நோக்கியே இருக்கும். எண் பொத்தான்களால் திறக்கும் எஃகுப் பெட்டியைச் சுவரிலோ தரையிலோ திருகி நிறுத்தி, அதற்குள் வையுங்கள். வீட்டில் மனம் உடைந்தவர் ஒருவர் இருக்கும் காலத்தில் பெட்டியின் எண்ணை மாற்றுவது போதாது. அந்தக் காலம் கடக்கும் வரை துப்பாக்கியைச் சட்டம் அனுமதிக்கும் வேறோர் இடத்தில் ஒப்படைத்துவிட வேண்டும்.

முடிவெடுக்கும் முன் சுட்டுப் பார்ப்பது

கடையில் காலித் துப்பாக்கியைக் கையில் பிடித்துப் பார்த்து வாங்குவது செருப்பைக் கையில் பிடித்துப் பார்த்து வாங்குவது போன்றது. வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளத்துக்குப் பயிற்சியாளரோடு சென்று இரண்டையும் சுடுங்கள். அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகளை அன்றே மனப்பாடமாக்கிக்கொள்ள வேண்டும்: எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் தோட்டா ஏற்றப்பட்டதே, அழிக்க மனமில்லாத எதன்மீதும் குழலைத் திருப்பக் கூடாது, குறி பார்த்து முடியும் வரை விரல் விசைக்கு வெளியே நிற்க வேண்டும், குறியையும் குறிக்குப் பின்னால் இருப்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். கைத்துப்பாக்கியின் வெடிச்சத்தம் 140 டெசிபெலைத் தாண்டுவதால், மூடிய சுடுதளத்தில் காதுக்குள் செருகும் நுரை அடைப்பானும் அதன்மேல் காதுமூடியும் சேர்த்தே அணியுங்கள். கண்ணாடியும் அவசியம். சுட்டு முடித்ததும் ஈயத் துகள் போகக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே எதையும் சாப்பிடலாம்.

சத்தத்துக்கும் உதைப்புக்கும் முதலில் பழக .22 அளவில் தொடங்குவது நல்லது. பிறகு நடுத்தர ரிவால்வரையும் நடுத்தரப் பிஸ்டலையும் ஏழு மீட்டர் தொலைவில், ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டா சுடுங்கள். குறித்தாளின் நடுவில் எத்தனை விழுந்தது என்று எண்ணுவதோடு, நாற்பதாவது தோட்டாவுக்குப் பிறகும் கை அதே பலத்தோடு இருக்கிறதா, தோட்டாக்களை இறக்கும் வரிசையைப் பயிற்சியாளர் நினைவூட்டாமலே செய்தீர்களா என்பதையும் கவனியுங்கள்.

கடைசியாக ஒரு சோதனையைப் பயிற்சியாளரிடம் கேட்டுப் பெறுங்கள். ரிவால்வரின் ஆறு துளைகளில் மூன்றில் தோட்டாவும் மூன்றில் சுட்ட வெற்றுக் கூடும் கலந்து போட்டு, உருளையைச் சுழற்றி, எது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாமல் மூடித் தரச் சொல்லுங்கள். வெற்றுக் கூட்டின்மேல் சுத்தி டக்கென்று விழும் கணத்தில், வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் முனை கீழே குனிகிறதா என்று பாருங்கள். வரப்போகும் உதைப்புக்கு அஞ்சி மணிக்கட்டு முன்கூட்டியே அழுத்துவதால் வரும் குனிவு அது. முதல் நாளில் ஏறக்குறைய எல்லாருடைய கையிலும் தெரியும். பிஸ்டலில் இதைச் செய்ய மேகசினுக்குள் போலித் தோட்டாக்களைக் கலக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஸ்லைடை இழுத்து அதை வெளியேற்றவும் வேண்டும். எந்தத் துப்பாக்கியில் அந்த முனை சில வாரப் பயிற்சியில் அசையாமல் நிற்கத் தொடங்குகிறதோ அதை வாங்குங்கள்.